சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் 354 கிலோமீட்டர். அதற்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு கணக்கு வருகிறது. ஒரு தளம் முக்கால் மணி என்கிறது, இன்னொன்று ஒரு மணி என்கிறது, ரிக்கெற்றைப் பார்த்தால் ஒன்றேகால் மணிக்குக் கிட்ட நிற்கிறது. தூரமும் அப்படித்தான்: 354, 378, 390 என்று மூன்று எண்கள். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தானே ஆகிறது, அது இரண்டு மடங்கு தூரம் அல்லவா, பிறகெதற்கு யாழ்ப்பாணத்துக்கென்று பலாலி விமான நிலையம் என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல, முதலில் "தூரம்", "நேரம்" என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

ஒரே பயணத்துக்கு மூன்று தூரங்கள் இருக்கின்றன. மூன்றும் சரியானவை, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் கணக்குப் பிழைக்கும்.

1. நகரத்திலிருந்து நகரம். யாழ்ப்பாண நகர மையத்திலிருந்து சென்னை நகர மையத்துக்கு ஏறக்குறைய 378 கிலோமீட்டர். இதை எவரும் பறப்பதில்லை, ஏனென்றால் விமானம் ஆஸ்பத்திரி வீதியிலிருந்து ஏறுவதில்லை. பலாலி நகருக்கு வடக்கே இருக்கிறது, மீனம்பாக்கம் சென்னை நகருக்குத் தெற்கே இருக்கிறது, ஆக இரண்டு விமான நிலையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று சற்று நகர்ந்து நிற்கின்றன.

2. விமான நிலையத்திலிருந்து விமான நிலையம். இது ஏறக்குறைய 354 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் இந்தத் தூரத்தை அதன் வளைவின் மேல் அளக்கிறார்கள், இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். லண்டன், ரொறன்ரோ போன்ற நீண்ட பயணங்களில் தட்டையான வரைபடத்தில் போட்ட கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் வரும், நம்முடைய சின்னக் கடலைத் தாண்டுவதற்கு அப்படி எதுவும் வராது.

3. உண்மையில் பறக்கும் தூரம். விமானம் கோடு பிடித்தாற்போல் போவதில்லை. வான்பாதைகள் உண்டு, புறப்படும்போதும் இறங்கும்போதும் குறித்த வளையங்களில் திரும்ப வேண்டும், நேர்கோட்டுக்கு மிகக் கிட்ட இருக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு மேலே பறக்க விடமாட்டார்கள். சின்னப் பாதைகளில் இந்தச் சுற்றுக்கு ஒரு பத்து வீதம் கூட்டிக்கொள்ளலாம். அப்போதுதான் 390 வருகிறது.

இரண்டாவது தூரத்தைக் கையாலேயே கணக்குப் போடலாம், அதற்கு ஒரு வசதி இருக்கிறது. கடல்மைல் என்பது அகலக்கோட்டில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 1.852 கிலோமீட்டர். மீனவர்களும் கப்பல்காரரும் விமானிகளும் இதைத்தான் பாவிக்கிறார்கள். பலாலி 9.8 பாகை வடக்கில், சென்னை விமான நிலையம் 13.0 பாகை வடக்கில், இரண்டும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில், 80 பாகையைச் சற்றுத் தாண்டி. வித்தியாசம் 3.2 பாகை. அதை 60ஆல் பெருக்கினால் 192 கடல்மைல், 1.852ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 356 கிலோமீட்டர். வேறு எந்தத் தளத்தையும் கேட்கத் தேவையில்லை.

நம் தலைக்கு மேலே போகும் கோடு

இதே முறையில் கட்டுநாயக்காவையும் அளந்து பார்க்கலாம்.

- கட்டுநாயக்கா – பலாலி: ஏறக்குறைய 290 கிலோமீட்டர்
- பலாலி – சென்னை: ஏறக்குறைய 354 கிலோமீட்டர்
- கட்டுநாயக்கா – சென்னை: ஏறக்குறைய 644 கிலோமீட்டர்

முதல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 644 தான். மூன்று புள்ளிகளில் ஒன்று நடுவில் நின்று, இரண்டு துண்டுகளின் கூட்டுத்தொகை முழுத் தூரத்துக்குச் சமமாக வந்தால், அந்த நடுப்புள்ளி கோட்டின் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு போட்டால் அது யாழ்ப்பாண நகரத்துக்கு மேலால்தான் போகிறது.

இதன் பொருள் என்ன? பலாலி மூடிக் கிடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ இருந்து சென்னைக்கு வெளிக்கிட்ட ஒருவர் இரவு முழுக்க வான் வண்டியிலோ பஸ்ஸிலோ தெற்கே போய், கட்டுநாயக்காவில் மூன்று மணி நேரம் நின்று, விமானம் ஏறி அரை மணிக்குள் தான் முதல் நாள் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்கு மேலாலேயே வடக்கே பறந்திருக்கிறார். வைத்தியத்துக்காகப் போன வயதானவர்களும் அப்படித்தான் போனார்கள். பலாலி இருப்பதன் பெறுமதி இந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். விமானம் எத்தனை நிமிடம் பறக்கிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகு வருகிற விஷயம்.

நேரம்: சக்கரம் அசைவதிலிருந்து சக்கரம் நிற்பது வரை

ரிக்கெற்றில் போட்டிருக்கும் புறப்படும் நேரம் விமானம் மேலெழும் நேரம் அல்ல. அது தரிப்பிடத்தை விட்டு அசையும் நேரம். வந்து சேரும் நேரமும் ஓடுபாதையைத் தொடும் நேரம் அல்ல, தரிப்பிடத்தில் வந்து நிற்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதை மொத்த ஓட்ட நேரம் என்று வைத்துக்கொள்வோம். இதற்குள் பறக்கும் நேரம் ஒரு பகுதி மட்டுமே. பல தூரக் கணிப்புத் தளங்கள் காட்டும் எண் வெறும் தூரத்தை ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, மேலே ஒரு சிறு தொகையைக் கூட்டியது. அது எந்த விமானம், எந்த நிலையம் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

பலாலிக்கு வருவது ஏடிஆர் 72-600. இரண்டு பக்கமும் ஆறு அலகு கொண்ட விசிறி சுழலும், இறக்கை யன்னலுக்கு மேலே இருக்கும், ஏறுவது பின்கதவால், சிறிய படிக்கட்டில். கைப்பையை மேல் தட்டில் வைக்கவே கொஞ்சம் மினைக்கெட வேண்டும். நிலைப்பறப்பில் இதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ஏ320 போன்ற ஜெட் 830ஐ ஒட்டிப் போகும். சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். இவை நிறுவனங்கள் கொடுத்த எண்கள் அல்ல, இந்த வகை விமானத்தின் இயல்பை வைத்து நான் போட்ட கணக்கு:

1. சென்னையில் தரிப்பிடத்திலிருந்து ஓடுபாதை முனைக்கு ஓடுதல், முன்னால் நிற்கிற விமானங்களுக்குப் பின்னால் காத்திருத்தல்: 12 நிமிடம்.
2. மேலெழுந்து 17,000 அடிக்குக் கிட்ட ஏறுதல்: 15 நிமிடம். இந்த நேரத்தில் கடப்பது 85 கிலோமீட்டர்தான், ஏனென்றால் ஏறும்போது வேகம் குறைவு.
3. நிலைப்பறப்பு: மிச்சமிருக்கும் 205 கிலோமீட்டருக்கு 25 நிமிடம்.
4. இறங்குதல்: 100 கிலோமீட்டர், 15 நிமிடம்.
5. பலாலியில் ஓடுபாதையிலிருந்து தரிப்பிடம்: 4 நிமிடம். இங்கே வரிசை இல்லை, கட்டடமும் பக்கத்தில்தான்.

மொத்தம் 71 நிமிடம். அதற்கு மேல் நாலு நிமிடம் கைக்காவலாக வைத்தால் ஒன்றேகால் மணி. விமானம் தன் முழு வேகத்தில் ஓடுவது இதில் 25 நிமிடம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மிச்சம் ஐம்பது நிமிடமும் ஏற, இறங்க, தரையில் ஓட. பாதை எவ்வளவு சின்னதாகிறதோ அந்தளவுக்கு இந்த மாறாத நேரத்தின் பங்கு பெரிதாகிறது. கட்டுநாயக்கா – சென்னை ஜெட்டுக்கும் இதே மாறாத நேரம் உண்டு, ஆனால் அது நடுவில் 830இல் ஓடி 644 கிலோமீட்டரையும் ஒன்றரை மணிக்குள் முடித்துவிடுகிறது. பாதித் தூரத்துக்கு ஏறக்குறைய அதே நேரம் என்பதன் விளக்கம் இவ்வளவுதான்.

திருச்சி

2025 மார்ச் 30ஆம் திகதி இண்டிகோ திருச்சி – யாழ்ப்பாணச் சேவையைத் தொடங்கியது. இந்தப் பாதையில் மேலே சொன்னது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தூரம் வெறும் 184 கிலோமீட்டர். நேர்கோடு பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் பக்கத்தால் கரையைத் தாண்டுகிறது, பிறகு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பாக்குநீரிணை, பிறகு பலாலி. சென்னைத் தூரத்தில் பாதிதான், ஆனால் அட்டவணை ஒரு மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. ஏறி முடிந்து நிமிர்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடிய விமானத்தின் சராசரி வேகம் இந்தப் பாதையில் 184 கிலோமீட்டர்.

ஒப்பிட்டுப் பார்க்க: நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, அறுபது கடல்மைலுக்குக் கிட்ட, நான்கு மணி நேரம். பொதி நிறையக் கொண்டுபோகிறவர்களுக்குக் கப்பல் நல்லது, கடல் அமைதியாக இருக்கும் காலத்தில்.

காற்று என்ன செய்கிறது?

வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்த ஊர் இது. விமானத்துக்கும் இந்தப் பெயர்கள் பொருந்தும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே மேலெழவும் இறங்கவும் விரும்பும், அப்போதுதான் குறைந்த தூரத்தில் காரியம் முடியும்.

பலாலி ஓடுபாதையின் இரு முனைகளிலும் 05, 23 என்ற எண்கள் உண்டு. திசைகாட்டியில் வரும் பாகையின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவது அது. 05 என்றால் 50 பாகை, வடகிழக்கை நோக்கி. 23 என்றால் 230 பாகை, தென்மேற்கை நோக்கி. வாடையும் சோளகமும் வீசும் இரண்டு திசைகள்தான் இவை. சோளகக் காலத்தில் விமானம் தென்மேற்கை நோக்கி இறங்கும், ஆகவே சென்னையிலிருந்து வருகிறபோது கடல் பக்கமிருந்து அதிகம் சுற்றாமல் வந்து விழலாம். வாடைக் காலத்தில் வடகிழக்கை நோக்கி இறங்க வேண்டும், ஆகவே பலாலியைத் தாண்டிக் குடாநாட்டுக்கு மேலே போய்த் திரும்பி வரும். சில நிமிடங்கள் கூடும். யன்னலோரம் இருப்பவருக்குப் பனங்கூடலும் செம்மண் தோட்டங்களும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தெரியும்.

பறக்கும் வேகத்தில் காற்றின் பாதிப்பு இந்தப் பாதையில் குறைவு. சென்னையிலிருந்து தெற்கே வரும் விமானத்துக்கு வடகிழக்குக் காற்று பாதி பக்கக்காற்று, பாதி பின்காற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வீசினாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வராது. அப்புறம், 17,000 அடியில் வீசும் காற்றும் கீழே தென்னை ஆடும் காற்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கார்த்திகை, மார்கழி மழைமேகம்தான் உண்மையான தாமதத்தைக் கொண்டுவரும்: மேகத்தைச் சுற்றிப் போக வேண்டும், ஓடுபாதை தெரியாவிட்டால் வானில் வட்டமிட வேண்டும்.

ஜெட் வந்தால் நேரம் குறையுமா?

கொஞ்சம் குறையும், எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது. மேலே போட்ட அதே கணக்கை ஏ320க்குப் போட்டால் மொத்த ஓட்ட நேரம் ஒரு மணிக்கு வருகிறது. மிச்சம் கால் மணிதான். ஆனாலும் ஜெட் இறங்கும்படி ஓடுபாதையை நீட்டுவது முக்கியம், அதன் காரணங்கள் வேறு.

முதலாவது, இடம். ஏடிஆரில் எழுபது எண்பது பேர் ஏறலாம், ஏ320இல் 180 பேர் வரை ஏறலாம். கட்டணம் குறைய வேண்டுமென்றால் இது ஒரு வழி.

இரண்டாவது, எட்டும் தூரம். இன்றைய விமானம் தென்னிந்தியாவுக்குப் போதும், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போதாது.

மூன்றாவது, எடை. குட்டையான ஓடுபாதையில் விமானம் எவ்வளவு பாரத்துடன் மேலெழலாம் என்பதற்கு எல்லை உண்டு. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், இறக்கைக்குக் கிடைக்கும் தாங்குசக்தி குறையும், மேலெழ இன்னும் நீளம் வேண்டும். சித்திரை வெயிலில் பின்னேரம் மூன்று மணிக்குப் பொதியை நிறுக்கும் தராசில் ஒவ்வொரு கிலோவும் பார்க்கப்படுவதற்கு நிறுவனத்தின் கட்டண விதி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓடுபாதையை நீட்ட நிலம் வேண்டும். பலாலியைச் சுற்றியுள்ள நிலம் வெறும் நிலமில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் வீடும் தோட்டமும் கோயிலும் கிணறும் அது. சிலருக்குத் திரும்பக் கிடைத்தது, பலர் இன்னும் காத்திருக்கிறார்கள். ஏ320 இறங்கும் அளவுக்கு நீட்டுவது 2019இல் நிலையம் திறந்த நாளிலிருந்தே அடுத்த கட்டமாகப் பேசப்படுகிறது. அதைப் பேசும்போது அந்தக் காணிக்காரரையும் சேர்த்தே பேச வேண்டும், அவர்களை விட்டுவிட்டு மீட்டர் கணக்கு மட்டும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முந்தி எப்படி இருந்தது?

இந்தப் பாதை புதியதே இல்லை. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் போனது, டக்கோட்டா என்கிற டிசி-3 விமானத்தில். மேலே பார்த்த அந்த நேர்கோட்டில் நடுவில் இறங்கி ஏறியிருக்கிறார்கள். டக்கோட்டாவின் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் என்று வைத்தால் காங்கேசன்துறை – சென்னை ஆகாயத்தில் ஒன்றரை மணிக்குக் கிட்ட. இன்றைக்கு ஆகாயத்தில் 55 நிமிடம். முக்கால் நூற்றாண்டில் மிச்சம் பிடித்தது அரை மணிக்குச் சற்றுக் கூட. இடையில் போரால் பாதை அடைபட்டது. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் அலையன்ஸ் எயார் ஓடத் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12இல் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1இல் இண்டிகோவும் வந்தது.

நேர வலயம் பற்றி ஒரு சொல்: இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இப்போது ஒரே மணி, ஆகவே புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து கழித்தாலே ஓட்ட நேரம் வந்துவிடும். 1996 முதல் 2006 வரை இலங்கை மணிக்கூடு முன்னால் தள்ளி ஓடியது, பெரும்பாலான காலம் அரை மணி நேரம். பழைய அட்டவணைகளைப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படலையிலிருந்து கணக்கு

யாழ் நகரத்தில் இருக்கும் ஒரு குடும்பம் சென்னை விமான நிலையத்துக்கு வெளியே வந்து நிற்க எவ்வளவு நேரம்?

பலாலி வழி:
1. வீட்டிலிருந்து பலாலி: 40 நிமிடம்.
2. முன்கூட்டியே போய் நிற்பது, பொதி, குடிவரவு, சோதனை: இரண்டரை முதல் மூன்று மணி.
3. ஓட்டம்: ஒன்றேகால் மணி.
4. சென்னையில் குடிவரவு, பொதி: ஒரு மணி.

ஆறு மணிக்குள்.

கட்டுநாயக்கா வழி:
1. வவுனியா, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று வான் பிடித்துப் போனாலும் ஏழெட்டு மணி.
2. நிலையத்தில் மூன்று மணி.
3. ஓட்டம்: ஒன்றரை மணிக்குள்.
4. சென்னையில் ஒரு மணி.

பதின்மூன்று மணி. பறக்கும் நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிடம்தான், முழுப் பயணத்தில் ஏழு மணி. கட்டணத்தை ஒப்பிடும்போது வான் காசு, வழியில் சாப்பாடு, சில வேளை ஒரு இரவு தங்கும் செலவு எல்லாவற்றையும் கட்டுநாயக்காவின் பக்கம் எழுதுங்கள், பிறகு பாருங்கள்.

சென்னை வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இரண்டு ஓட்டமும் ஒரே ரிக்கெற்றில் இருந்தால் பொதி நேரே போகலாம், அதைப் பலாலியிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, திரும்ப உள்ளே போய்ப் பதிய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும், இடைவெளியும் குறைந்தது ஐந்தாறு மணி வேண்டும், மழைக்காலத்தில் அதற்கும் மேல்.